கலைஞ்சதும் கலைச்சதும்: கருக்கலைப்பின் மீதான இழிவை எதைக் கொண்டு அளப்பது?

நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



யாருடைய நினைவாக இன்று இங்கே கூடியிருக்கிறோமோ, அந்தத் தோழரைப் பற்றி எனக்கு முன் பேசியவர்கள் நிறைவாகச் சொல்லிவிட்டார்கள். அவர் பெயரால் நடக்கும் மேடையில் நிலம், கூலி, கோயில் நுழைவு, வன்கொடுமை வழக்கு என்று நிறையப் பேசியிருக்கிறோம். இன்று நான் எடுத்திருக்கும் விஷயம் நம் வீடுகளுக்குள் அடுப்படியோடு நின்றுபோகிற ஒன்று. கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் மேல் ஏறி உட்காரும் இழிவு. அந்த இழிவை அளக்க முடியுமா, எதைக் கொண்டு அளப்பது என்பதுதான் என் பேச்சு.

அளப்பது என்றதும் எனக்கு எங்கள் ஊர்தான் ஞாபகத்துக்கு வருகிறது. போடிநாயக்கனூர் அளப்பதில் கெட்டிக்கார ஊர். ஏலக்காயைச் சல்லடையில் சலித்து 7 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர் என்று பிரிப்பார்கள். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் கிலோவுக்கு இத்தனை என்று விலை ஓடும். மலையில் பறித்த பச்சைக்காய் எத்தனை கிலோ, ஸ்டோரில் உலர்ந்தபின் எத்தனை கிலோ, விடியற்காலை ஜீப்பில் ஏறிய தலைகள் எத்தனை, எல்லாவற்றுக்கும் நோட்டு இருக்கிறது. குனிந்து உட்கார்ந்து, செடியின் தூரில் கிடக்கும் சரத்திலிருந்து காயைக் கிள்ளி எடுக்கிற பெண்ணின் உடம்புக்கு என்ன நடந்தது என்பதற்கு மட்டும் எந்த நோட்டும் கிடையாது.

நான் எழுதிய 'இல்லை'

சமூகப் பணி படித்த காலத்தில் கையில் ஒரு கேள்விப் படிவத்தோடு எங்கள் பகுதித் தெருக்களில் வீடு வீடாகப் போனேன். மலைக்கு ஏலக்காய் வேலைக்குப் போகும் பெண்களின் உடல்நலம்தான் தலைப்பு. படிவத்தில் ஒரு கேள்வி: 'நீங்கள் எப்போதாவது கருக்கலைப்பு செய்துகொண்டதுண்டா?' எதிரே இரண்டு கட்டங்கள். ஆம், இல்லை. வரிசையாக 'இல்லை' கட்டத்தில் டிக் போட்டுக்கொண்டே வந்தேன். மூன்றாம் நாள் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சிறுபிள்ளையாக இருந்தபோது பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசியதைக் கேட்டு வளர்ந்தவள் நான். அந்தப் பேச்சில் இருந்த பெண்கள் எல்லாம் எங்கே போனார்கள்?

அன்று சாயங்காலம் என் பெரியம்மா முறை ஆகிற ஒருவர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். படிவத்தை வாங்கிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. "என்னத்தா கேக்குற?" என்றார். சொன்னேன். சிரித்துவிட்டார்.

"ஏத்தா, இப்படிக் கேட்டா எவ ஆமான்னு சொல்லுவா? கலைச்சியான்னு கேக்குறது, கொன்னியான்னு கேக்குற மாதிரி இருக்கு. கலைஞ்சிருச்சான்னு கேளு. தலையாட்டுவாளுக."

பிறகு அவரே சொன்னார். மூன்றாவது பிள்ளை பால் மறக்கவில்லை, நாள் தள்ளிப்போயிருக்கிறது. புருஷனுக்குத் தெரியும், மாமியாருக்குத் தெரியாது. யாரோ கொடுத்த மருந்தை வாங்கித் தின்றிருக்கிறார். மறுநாள் விடியற்காலை வழக்கம்போல ஜீப்பில் ஏறி, போடிமெட்டுக்குப் போகிற 17 கொண்டை ஊசி வளைவையும் தாண்டி மலைக்கு வேலைக்குப் போயிருக்கிறார்.

"ஏன் பெரியம்மா போனீங்க?"

"லீவு போட்டா கங்காணி என்னன்னு கேப்பான். ஜீப்புல ஏறாதவளைப் பத்தித்தான் ஜீப்பு பூராம் பேசும். என்னத்தைச் சொல்றது?"

பதினோரு மணிக்கு உதிரம் கொட்ட ஆரம்பித்தது. சாயங்காலம் ஜீப் திரும்பும்வரை செடி மறைவில் உட்கார்ந்திருந்தார். கூடப் போன ஒருத்தி தன் சேலை முந்தியைக் கிழித்துக் கொடுத்திருக்கிறாள். இரவு ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம். "கலைஞ்சிருச்சு" என்று சொன்னார். "கலைஞ்சதா, நீயா கலைச்சதா? உங்க ஆளுகளுக்கு இதே வேலை" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி ஒரு குரல் சொன்னது. பெரியம்மா பிழைத்துக்கொண்டார். அந்தக் குரலை மட்டும் கடைசிவரை மறக்கவில்லை.

இதைக் கேட்டுவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? அவருடைய படிவத்திலும் 'இல்லை' என்றுதான் எழுதினேன். அவர் கேட்டுக்கொள்ளவில்லை. நானாகத்தான் எழுதினேன். ஊருக்குள் யாராவது படித்துவிடுவார்களோ என்ற பயம். இழிவு என்பது எனக்கு வெளியே இருக்கிற, நான் அளக்கப் போகிற ஒரு பொருள் என்று நினைத்திருந்தேன். அது என் பேனாவிலும் இருந்தது. பெரியம்மா இன்று இல்லை. "பேரைச் சொல்லாமச் சொல்லு" என்று பின்னாளில் அனுமதி கொடுத்தார். அதனால்தான் இங்கே சொல்கிறேன்.

தன்வினையும் பிறவினையும்

கலைந்தது, கலைத்தாள். பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று படித்திருக்கிறோம். கலைந்தது என்றால் யாரும் செய்யவில்லை, தானாக நடந்தது. கலைத்தாள் என்றால் ஒருத்தி செய்தாள். நம் பெண்கள் 'கலைஞ்சிருச்சு', 'தங்கல', 'கழுவிவிட்டாங்க', 'சுத்தம் பண்ணிட்டு வந்தோம்' என்கிறார்கள். 'அபார்ஷன் ஆயிருச்சு' என்கிறார்கள். எந்த வாக்கியத்திலும் 'நான்' இல்லை. ஒரு பெண் தன் உடம்பைப் பற்றித் தானே எடுத்த முடிவில், எழுவாயாக நிற்க முடியாமல் போகிறாள். இழிவு செய்கிற முதல் வேலை இதுதான்.

இது மொழி விளையாட்டு அல்ல. நாட்டின் புள்ளிவிவரம் இதில் மாட்டிக்கொண்டிருக்கிறது. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் கேட்டது. ஆய்வுக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளின் கர்ப்பங்களில் நூற்றுக்குச் சுமார் 3 கருக்கலைப்பில் முடிந்ததாகப் பதிவானது. 2015ஆம் ஆண்டுக்கான இன்னொரு மதிப்பீடு 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளியானது. அது பெண்களிடம் கேட்கவில்லை. கருக்கலைப்பு மாத்திரைகளின் விற்பனைக் கணக்கையும், தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களின் மருத்துவமனைகளில் எடுத்த கணக்கையும் வைத்துக் கூட்டியது. அதன்படி அந்த ஓராண்டில் இந்தியாவில் 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள். கர்ப்பங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று.

நூற்றுக்கு 3 எங்கே, 33 எங்கே! இரண்டும் வெவ்வேறு முறைகளில், வெவ்வேறு காலத்துக்கு எடுத்தவை. இடைவெளி முழுவதையும் வெட்கத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. மதிப்பீடுகளிலும் பிழை இருக்கும். ஆனாலும், நேருக்கு நேர் கேட்டால் கருக்கலைப்பு குறைவாகவே பதிவாகும் என்பதை உலகெங்கும் மக்கள்தொகை ஆய்வாளர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். செய்ததைச் சொல்லாமல் விடுவது ஒருபக்கம், கலைத்ததைக் கலைந்தது என்று சொல்வது இன்னொரு பக்கம். விற்ற மாத்திரை கணக்கில் வந்துவிட்டது. அதை விழுங்கிய பெண் கணக்கில் வரவில்லை.

பேச முடியாத அந்த இடைவெளிக்கு விலை உண்டு. அதே 2015 மதிப்பீட்டில், நான்கில் ஏறக்குறைய மூன்று கருக்கலைப்புகள் மருத்துவமனைக்கு வெளியே, மாத்திரையால் நடந்தவை. சரியான மாத்திரை, சரியான வாரத்தில், சரியான அளவில், ஏதாவது ஆனால் போவதற்கு ஓர் இடத்தோடு கிடைத்தால் அது பாதுகாப்பான முறைதான். பெரியம்மாவுக்குக் கிடைத்தது அது அல்ல. ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கை, பாதுகாப்பற்ற கருக்கலைப்பால் இந்தியாவில் நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட 8 பெண்கள் இறப்பதாகச் சொன்னது. 1971இலேயே சட்டம் வந்துவிட்ட நாட்டில் இது நடக்கிறது.

அளவுகோல்கள் என்ன சொல்கின்றன?

இழிவை அளக்க ஆய்வாளர்கள் கருவிகள் செய்திருக்கிறார்கள். மாணவர்கள் அவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2009இல் அனுராதா குமார், லெய்லா ஹெசினி, எலன் மிட்செல் மூவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை இந்தத் துறைக்கு அடித்தளம். பெண் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சமூகம் ஓர் இலட்சியம் வைத்திருக்கிறது. பெண் எப்போதும் கருவுறக் கூடியவள், தாயாவது தவிர்க்க முடியாதது, பாசம் அவளுக்கு இயல்பிலேயே வருவது. கருக்கலைப்பு செய்கிறவள் இந்த மூன்றையும் மீறியவளாகப் பார்க்கப்படுகிறாள், அதனால் தாழ்ந்தவளாகக் குறிக்கப்படுகிறாள் என்று அவர்கள் விளக்கினார்கள்.

2013இல் கேட் காக்ரில் முதலானோர் அமெரிக்கப் பெண்களிடம் ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். 20 கேள்விகள். மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கவலை, யாரிடமும் பேச முடியாத தனிமை, தன்னைத் தானே குற்றம் சொல்வது, சுற்றியிருப்பவர்களின் கண்டனம் என்று நான்கு பகுதிகள். கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் மனதை அளக்கும் கருவி இது. 2014இல் வந்த இன்னொரு அளவுகோல், கானாவிலும் ஜாம்பியாவிலும் உருவாக்கப்பட்டது. 18 கேள்விகள். இது ஊரைப் பார்த்துக் கேட்கிறது. அப்படிப்பட்டவளை மோசமானவள் என்று நினைக்கிறீர்களா, ஒதுக்கி வைப்பீர்களா, அவளோடு பழகினால் தனக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று பயப்படுகிறீர்களா?

இந்த மூன்றாவது பகுதியைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'ஒட்டிக்கொள்ளும்' என்ற அந்தப் பயம் நமக்குப் புதிதா? தீட்டு என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தொட்டால் ஒட்டும், கூட உட்கார்ந்தால் ஒட்டும், ஒரே பாத்திரத்தில் குடித்தால் ஒட்டும் என்று நூற்றாண்டுகளாக நம்மேல் சொல்லப்பட்டதுதான், இங்கே ஒரு பெண்ணின் மேல் இன்னொரு பெயரில் சொல்லப்படுகிறது.

இந்தக் கருவிகளை நான் மதிக்கிறேன். ஆனால் எங்கள் மலையடிவாரத்துக்கு அப்படியே கொண்டுவந்தால் இரண்டு இடத்தில் இடிக்கிறது.

முதலாவது அந்த இலட்சியப் பெண். தாய்மையின் பீடத்தில் தலித் பெண்ணை இந்தச் சமூகம் எப்போது உட்காரவைத்தது? பிள்ளை பெற்றால், 'இவளுகளுக்கு வேற வேலை இல்லை, வருஷத்துக்கு ஒண்ணு' என்பார்கள். கலைத்தால், 'உங்க ஆளுகளுக்கு இதே வேலை' என்பார்கள். பெற்றாலும் ஏச்சு, கலைத்தாலும் ஏச்சு. கருவைக் கலைக்கப் போன இடத்தில், 'குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு ஒத்துக்கிட்டாத்தான் செய்வோம்' என்று கேட்டவர்களைச் சந்தித்த பெண்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். இலட்சியத்திலிருந்து விழுந்தவள் என்று அளக்கும் கோல், அந்த இலட்சியத்துக்குள் ஒருபோதும் அனுமதிக்கப்படாதவளை எப்படி அளக்கும்? அவள் மேல் கருக்கலைப்பின் இழிவு தனியாக வருவதில்லை. சாதியின் இழிவோடு சேர்ந்தே வருகிறது. பெரியம்மா காதில் விழுந்த வாக்கியத்தில் 'உங்க ஆளுக' என்ற சொல்லைப் பிரித்தெடுத்துவிட்டு மிச்சத்தை மட்டும் அளக்க முடியாது.

இரண்டாவது, பெண்ணின் மனதைக் கேட்டால் போதும் என்கிற நினைப்பு. 'உங்களுக்குக் குற்ற உணர்வு உண்டா?' என்று பெரியம்மாவிடம் கேட்டால், 'எனக்கென்னத்தா குத்தம்? பாலுக்கு அழுகுற பிள்ளையப் பாப்பேனா?' என்று சொல்லியிருப்பார். அளவுகோலில் மதிப்பெண் குறைவாக விழும். இழிவு குறைவு என்று கட்டுரை எழுதிவிடலாம். ஆனால் உதிரம் கொட்டக் கொட்ட மாலைவரை செடி மறைவில் அவரை உட்காரவைத்தது எது?

செங்கல்பட்டும் நம் வீடும்

தமிழ்நாட்டில் இந்த விஷயத்தைப் பெண்கள் பக்கம் நின்று பேசிய ஆய்வு உண்டு. 1981இல் செங்கல்பட்டுப் பகுதிக் கிராமங்களில், பெரும்பாலும் தலித் பெண்கள் சேர்ந்து தொடங்கிய ரூவ்செக் அமைப்பின் வழியே நடந்தது அது. டி.கே. சுந்தரி ரவீந்திரனும் பி. பாலசுப்ரமணியனும் 2004இல் அதை எழுதினார்கள். கருக்கலைப்புக்குச் சரி என்று சொல்கிற குடும்பங்கள், படுக்கையில் மறுக்கிற உரிமையைப் பெண்ணுக்குத் தரவில்லை என்பதுதான் சாரம். வேண்டாம் என்று சொல்ல முடியாத உறவிலிருந்து வேண்டாத கர்ப்பம், அதிலிருந்து கருக்கலைப்பு. இளம் மனைவிக்கும் அதுதான், வயதான மனைவிக்கும் அதுதான்.

இந்தச் சங்கிலியில் இழிவு எங்கே விழுகிறது என்று பாருங்கள். முதல் கண்ணியில் இருக்கிற ஆணைத் தொடவே இல்லை. 'கலைச்சவ' என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. கலைக்கும் நிலைக்குக் கொண்டுவந்தவனுக்கு ஒரு சொல்கூட இல்லை. மேடையில் பாதிப் பேர் ஆண் தோழர்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம். யோசியுங்கள்.

சாதி இந்தக் கருப்பையைக் காவல் காப்பது ஏன் என்பதை அம்பேத்கர் 1916இலேயே 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையில் சொல்லிவிட்டார். அகமணம்தான் சாதியின் உயிர். அகமணத்தைக் காப்பாற்றப் பெண்ணைக் கட்டிவைக்க வேண்டும். அதற்காகத்தான் உடன்கட்டை, விதவைக் கோலம், குழந்தை மணம் எல்லாம். அந்தக் கட்டின் விளைவைக் கண்ணால் பார்த்தவர்கள் ஜோதிராவ், சாவித்திரிபாய் பூலே. கருவுற்ற பார்ப்பன விதவைகள் பயந்து குழந்தையைக் கொல்லாமல் ரகசியமாகப் பெற்றுக்கொள்ள 1863இல் புனேயில் ஒரு காப்பகம் திறந்தார்கள். அங்கே பிறந்த ஒரு குழந்தையைத்தான் யஷ்வந்த் என்று தங்கள் மகனாக வளர்த்தார்கள். அந்தப் பெண்களைப் பார்த்து அவர்கள் 'ஏன் இப்படி ஆனாய்?' என்று கேட்கவில்லை, கதவைத் திறந்து வைத்தார்கள்.

1928இல் பம்பாய்ச் சட்ட மேலவையில் மகப்பேறு பயன் மசோதாவை அம்பேத்கர் ஆதரித்துப் பேசினார். 1938இல் அவரது சுதந்திரத் தொழிலாளர் கட்சியின் சார்பில் பி.ஜே. ரோஹம் பம்பாய்ச் சட்டமன்றத்தில் கருத்தடைப் பிரச்சாரத்துக்கான தீர்மானம் கொண்டுவந்தார். தீர்மானம் தோற்றது. இங்கே பெரியார் 'குடி அரசு' காலத்திலேயே கர்ப்பத்தடையைப் பேசினார். மற்றவர்கள் வறுமையையும் நாட்டு நலத்தையும் காரணம் காட்டியபோது, பெண் விடுதலைக்காக அது வேண்டும் என்றார். நம் முன்னோர் கூச்சப்படாமல் பேசியதை நாம்தான் அடுப்படிக்குள் அனுப்பிவிட்டோம்.

சாதி கருவைக் கலைக்கவும் சொல்லும் என்பதை மறக்கக் கூடாது. தலித் இளைஞனைக் காதலித்துக் கருவுற்ற பெண்ணைப் பிடித்துக்கொண்டுபோய், அவள் சம்மதமில்லாமல் கலைக்கும் குடும்பங்கள் உண்டு. அது சட்டப்படி ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய குற்றம். 1989இல் போடியிலும் மீனாட்சிபுரத்திலும் சாதிக் கலவரத்தைப் பார்த்த பகுதி எங்களுடையது. யார் யாரோடு சேர்வது என்ற பேச்சு இங்கே எவ்வளவு சீக்கிரம் அரிவாளாக மாறும் என்று எங்களுக்குத் தெரியும். பெற்றுக்கொள் என்று வற்புறுத்தினாலும் கலைத்துவிடு என்று வற்புறுத்தினாலும் ஒன்றுதான். இரண்டிலும் அந்தப் பெண்ணை யாரும் கேட்கவில்லை.

சட்டம் சொல்வதும் சன்னலில் கேட்பதும்

செயற்பாட்டாளர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய சில விஷயங்கள். 1971ஆம் ஆண்டின் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம் 2021இல் திருத்தப்பட்டது. 20 வாரம் வரை ஒரு பதிவுபெற்ற மருத்துவரின் கருத்து போதும். பாலியல் வன்முறைக்கு ஆளானவர், 18 வயது நிறையாதவர், கர்ப்பகாலத்தில் கணவனை இழந்தவர் அல்லது மணவிலக்குப் பெற்றவர், மாற்றுத்திறனாளி எனக் குறிப்பிட்ட நிலைகளில் இருப்பவர்களுக்கு 24 வாரம் வரை, இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு. 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும். கணவன் கையெழுத்து, மாமியார் கையெழுத்து எதுவும் சட்டத்தில் இல்லை. பெண்ணின் விவரத்தை வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. திருமணமாகாத பெண்களை 24 வார வரம்பிலிருந்து விலக்கிவைக்க முடியாது என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கணவனின் வன்புணர்ச்சியால் உண்டான கர்ப்பமும் இந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கு வன்புணர்ச்சிக் கர்ப்பமே என்றும் சொன்னது. முடிவை மருத்துவர் கையில் வைத்திருப்பது இந்தச் சட்டத்தின் குறைதான். ஆனால் இருக்கிற அளவுக்குக்கூட மருத்துவமனைச் சன்னலுக்கு வந்து சேரவில்லை. சன்னலில் கேட்கும் முதல் கேள்வி 'வீட்டுக்காரர் வந்திருக்காரா?' என்பதுதான்.

எங்கள் பகுதிக்கு இன்னொரு வரலாறும் சேர்கிறது. உசிலம்பட்டி வட்டாரத்துப் பெண் சிசுக்கொலை 1986இல் 'இந்தியா டுடே'யில் வெளிவந்து நாடே பேசியது. 1994இல் கருவிலேயே பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. அது தேவையான சட்டம். அதை யாரும் தளர்த்தக் கூடாது. ஆனால் சுவரெழுத்திலும் மேடையிலும் சிசுக்கொலை, கருக்கொலை, கருக்கலைப்பு மூன்றும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டன. எல்லாக் கருக்கலைப்பும் குற்றம் என்று ஊர் புரிந்துகொண்டது. மருந்துக்கடைகளும் பயந்தன. 2020இல் வெளியான ஆய்வொன்று ஆறு மாநிலங்களில் மருந்துக்கடைகளைப் பார்த்தது. தமிழ்நாட்டில் கருக்கலைப்பு மாத்திரை வைத்திருந்தவை நூற்றுக்கு 2 கடைகள்தான். முறையான சீட்டோடு வருகிறவளுக்கும் கடையில் இல்லை என்றால், சீட்டே இல்லாதவள் எங்கே போவாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது கூலி. 2025 வரை நடைமுறையில் இருந்த 1961ஆம் ஆண்டின் மகப்பேறு பயன் சட்டம் தோட்டங்களுக்கும் பொருந்தியது. கரு கலைந்தாலும் மருத்துவ முறையில் கலைத்தாலும் 6 வாரம் ஊதியத்தோடு விடுப்பு என்று அதன் 9ஆம் பிரிவு சொன்னது. கலைந்ததையும் கலைத்ததையும் சமமாகப் பார்த்த அபூர்வமான வரி அது. ஆனால் அத்தாட்சி காட்ட வேண்டும். யாரிடம்? ஜீப்பில் ஆள் ஏற்றும் கங்காணியிடமா? போடியிலும் கம்பத்திலும் இருந்து காலையில் எல்லை தாண்டி இடுக்கி மாவட்டத் தோட்டத்துக்குப் போய் மாலையில் திரும்பும் தினக்கூலிக்கு எந்தப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது? 6 வார விடுப்பு இருந்த பெண், மறுநாளே 17 வளைவு ஏறிப் போனாள்.

நமக்கான ஐந்து கேள்விகள்

ஆகவே தோழர்களே, நான் ஒரு யோசனை சொல்கிறேன். இழிவைப் பெண்ணின் மனதுக்குள் தேடுவதோடு நிறுத்தாமல், அது அவளிடமிருந்து எதையெல்லாம் பிடுங்கியது என்று கணக்கெடுப்போம். ஐந்து கேள்விகள் போதும்.

ஒன்று, எத்தனை நாள் கழித்து வேலைக்குப் போனீர்கள்? எத்தனை நாள் கூலி போனது?

இரண்டு, முதலில் கேட்டுப்போனது எத்தனையாவது வாரத்தில், முடிந்தது எத்தனையாவது வாரத்தில்? நடுவில் எத்தனை இடம் அலைந்தீர்கள்?

மூன்று, யார் கையெழுத்தைக் கேட்டார்கள்? எந்த நிபந்தனை போட்டார்கள்?

நான்கு, உங்களிடம் பேசியது எத்தனை பேர் காதில் விழுந்தது? சாதி, தெரு பற்றி என்ன சொன்னார்கள்?

ஐந்து, யார் யாரிடம் என்ன காரணம் சொல்லிச் சமாளித்தீர்கள்?

இவை நாளில், வாரத்தில், ரூபாயில், ஆள் எண்ணிக்கையில் பதில் தரும் கேள்விகள். இவற்றைப் பெண்களிடம் மட்டும் கேட்டால் போதாது. மருத்துவரிடம், செவிலியரிடம், மருந்துக்கடைக்காரரிடம், கங்காணியிடம், கணவனிடம், நம் இயக்கத்து இளைஞரிடம் அவரவருக்கு ஏற்றபடி திருப்பிக் கேட்க வேண்டும். இழிவு இருப்பது அங்கேதான்.

கேட்கும் முறையையும் கற்றுக்கொள்ள வேண்டும். 'உனக்கு நெருக்கமான தோழிக்கு இப்படி நடந்ததுண்டா?' என்று கேட்டுக் கணக்கிடும் முறையை ஆப்பிரிக்க நாடுகளில் பயன்படுத்தினார்கள். 2018இல் ராஜஸ்தானிலும் பயன்படுத்தினார்கள். ஆய்வாளர்கள் கண்டுபிடித்ததை நம் ஜீப்பில் பெண்கள் எப்போதோ செய்துகொண்டிருக்கிறார்கள். 'எங்க தெருவுல ஒருத்திக்கு' என்று ஆரம்பிக்கும் பேச்சில் அந்த ஒருத்தி பல நேரம் அவளேதான். மாமியார் இருக்கும் வீட்டுக்குள் கேட்காதீர்கள். பெயர் எழுதாதீர்கள். கேட்டபிறகு அவளுக்கு உதவி தேவைப்பட்டால் எங்கே கூட்டிப்போவது என்று தெரியாமல் கேட்கவே கேட்காதீர்கள். க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை கூடப் போகத் தயாராக இல்லாதவர் கையில் படிவம் இருக்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. நாம் வெளியே பார்த்துப் பேசிப் பழகியவர்கள். நம் தெருவுக்குள்ளும் அந்தக் குரல் இருக்கிறது. கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனால் முதலில் பேசுவது நம் தெருதான். ஆதிக்க சாதிக்காரன் ஏசுவதை வழக்காக்கத் தெரிந்த நாம், நம் வீட்டுத் திண்ணைப் பேச்சுக்கு என்ன செய்தோம்?

என் பழைய படிவங்கள் இன்னும் வீட்டில் ஒரு தகரப் பெட்டியில் இருக்கின்றன. பெரியம்மாவின் தாளில் நான் போட்ட டிக் அப்படியே இருக்கிறது. அதைத் திருத்த எனக்கு இப்போது உரிமை இல்லை, அவர் போய்விட்டார். ஆனால் அடுத்தமுறை உங்களில் ஒருவர் அந்தத் தெருவுக்குப் போகும்போது, ஒரு பெண் 'கலைஞ்சிருச்சு' என்று சொல்லாமல் 'நான் கலைச்சேன்' என்று சொல்லி, அதன்பிறகும் நிம்மதியாக ஒரு வாய் காபி குடிக்க முடிந்தால், அன்றைக்கு இழிவு ஒரு இம்மி குறைந்திருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். எந்தச் சல்லடையும் இல்லாமல் அதை அளந்துவிடலாம்.